அந்தப் பத்துக் கட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட ஆலோசனைப் பக்கத்தை வாசித்தேன். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு கலை, ஒரு விளையாட்டு, ஒரு சேவை, ஒரு தலைமைப் பொறுப்பு என்று பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதே பக்கத்தில் இன்னொருவர், ஆல்ரவுண்டர்களின் காலம் முடிந்துவிட்டது, ஒரே துறையில் ஆழமாகப் போகிறவருக்குத்தான் இடம் என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறோம். மகளை முதல் வழியில் வளர்த்தோம். மகனை இரண்டாவது வழியில் தள்ளப் பார்த்தோம். ஊரில் இருக்கும் பெற்றோர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வதற்கு முன்னால், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிவகங்கைப் பக்கம். 2001-இல் அமெரிக்கா வந்தோம். நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறோம். என் கணவர் கம்ப்யூட்டர் வேலை, நான் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு பார்க்கிறேன். மகள் பெரியவள். 2018-இல் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். மகன் 2023-இல்.

மகளின் வாரத்தை இப்போதும் என்னால் ஒப்பிக்க முடியும். திங்கள் வயலின். செவ்வாய் டிபேட் என்ற விவாதப் போட்டிப் பயிற்சி. புதன் நீச்சல். வியாழன் பரதம். வெள்ளி மீண்டும் டிபேட், போட்டி இருந்தால் சனிக்கிழமையும் அதுவே. போட்டி இல்லாத சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மதியம் ரோபாட்டிக்ஸ். ஞாயிறு காலை மருத்துவமனையில் வாலன்டியர், மாலை நடன ஒத்திகை. இதற்கு நடுவில் பள்ளிப் பாடம், ஏபி என்ற கல்லூரி நிலை வகுப்புகள், எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கான பயிற்சி. அவள் சாப்பாட்டில் பாதி காரின் பின்சீட்டில்தான் நடந்தது. அங்கே எப்போதும் ஒரு தட்டும் ஒரு தலையணையும் கிடக்கும். இதையெல்லாம் நான் கொடுமையாக நினைத்துச் செய்யவில்லை. சுற்றியிருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எது கதவைத் திறக்கும் என்று தெரியாதபோது எல்லாச் சாவியையும் கையில் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தோம்.

2016 ஜூலையில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. எங்களோடுதான் இருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. நானும் கணவரும் வேலையிலிருந்து வர ஆறு மணி ஆகும். மகள் இரண்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வந்ததும் அப்பத்தாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவாள், கஞ்சி கொடுப்பாள், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி கையை நீட்டி மடக்கிவிடுவாள். பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு நோட்டில் தமிழில் பெரிய எழுத்தில் கத்தரிக்காய், கதவு, கணக்கு என்று எழுதி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைப்பாள். அவளே கண்டுபிடித்த முறை அது. தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்து அதற்குத்தான் உதவியது. ஐந்து மணிக்கு யாராவது வந்து அவளை வகுப்புக்கு அழைத்துப் போவார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்து அத்தையோடு உட்கார்ந்துகொள்வார். இரண்டு வருடம் இப்படிப் போனது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். இங்கே பல கல்லூரிகளுக்குக் காமன் ஆப் என்ற ஒரே விண்ணப்பம்தான். அதில் பள்ளிப் பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்டுப் பத்துக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விவரம் எழுத 150 எழுத்துகள்தான் இடம், இடைவெளியையும் புள்ளியையும் சேர்த்து. முதன்மைக் கட்டுரைக்கு 650 வார்த்தைகள். 2018 அக்டோபர் 31, மறுநாள் முதல் சில கல்லூரிகளுக்குக் கெடு. மகளிடம் பதினோரு விஷயங்கள் இருந்தன, பத்துக் கட்டங்கள்தான். எதை விடுவது என்று இரவு பதினோரு மணிக்கு இரண்டு பேரும் சண்டை போட்டோம். அப்போதுதான் அவள் கேட்டாள்: “அம்மா, அப்பத்தாவைப் பார்த்துக்கிறதை எழுதவா?”

வேண்டாம் என்றேன். அது வீட்டு வேலை, எல்லாரும் செய்வதுதான், அதைப் போய் எழுதினால் இரக்கம் தேடுகிற மாதிரி இருக்கும் என்றேன். நாங்கள் பணம் கொடுத்து வைத்திருந்த ஆலோசகரும் அதையே சொன்னார். கலை, விளையாட்டு, சேவை, தலைமை என்று நான்கு பக்கமும் சமமாக இருக்கிறது, இதைக் கலைக்காதீர்கள் என்றார். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

நவம்பரில் அத்தை இறந்துவிட்டார். மற்ற பல கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் தேதிதான் கெடு. அப்போதாவது ஒரு கட்டத்தை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அதே பத்தை அப்படியே அனுப்பினோம்.

பதினான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பக் கட்டணமும் எஸ்ஏடி மதிப்பெண் அனுப்பும் கட்டணமும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டின. பெரிய பெயர் உள்ள ஒன்பது கல்லூரிகளில் ஏழு முடியாது என்றன, இரண்டு காத்திருப்புப் பட்டியலில் வைத்தன. கடைசியில் எங்கள் மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். நல்ல பல்கலைக்கழகம், நன்றாகப் படித்தாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் விண்ணப்பித்த அதே அக்டோபரில், பாஸ்டன் நீதிமன்றத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீதான வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆசிய மாணவர்களுக்குப் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று 2014-இல் தொடுத்த வழக்கு. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறை முடிவுக்கு வந்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது இந்தக் கடிதத்தின் விஷயம் இல்லை. அந்த வழக்கினால்தான் உள்ளே எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்பது வெளியே வந்தது. தீர்ப்பு வந்த வாரம் ஒரு நண்பர் அந்த ஆவணங்களை அனுப்பினார். மகன் விண்ணப்பிக்கப் போகிறானே என்று உட்கார்ந்து வாசித்தேன்.

ஒவ்வொரு மாணவருக்கும் படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, தனிப்பட்ட குணம் என்று தனித்தனியாக எண் போடுகிறார்கள். 1 என்றால் மிக உயர்வு. பாடத்துக்கு வெளியே செய்தவற்றில், தேசிய அளவில் பேசப்படும் அபூர்வமான சாதனைக்கு 1. வகுப்புத் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் போல வலுவான பங்கும் வட்டார அளவில் பெயரும் இருந்தால் 2. ஒழுங்காகக் கலந்துகொண்டிருக்கிறார், ஆனால் தனிச்சிறப்பு இல்லை என்றால் 3. அதை வாசித்தபோது மகளின் பத்துக் கட்டங்களும் வரிசையாகக் கண்முன் வந்தன. வயலின் 3. நீச்சல் 3. ரோபாட்டிக்ஸ் 3. எட்டு வருடம், பின்சீட்டில் தட்டு, தலையணை, எல்லாம் 3.

அதற்குக் கீழேயும் வரிகள் இருந்தன. 5 என்ற எண்ணுக்கு நேரே, வழக்கமான நடவடிக்கைகளுக்கு வெளியே கணிசமாகச் செய்தது, குடும்பப் பொறுப்பு அல்லது பள்ளி நாட்களில் பார்த்த வேலை போல, என்று இருந்தது. அந்த 5, 4-ஐ விடத் தாழ்ந்த மதிப்பெண் இல்லை, அது ஒரு தனி வகை. மற்றவற்றோடு சேர்த்து மதிப்பை உயர்த்தலாம், அல்லது அந்த மாணவரின் உழைப்பை அதுவே சரியாகக் காட்டுகிறது என்றால் அப்படியே விடலாம் என்றும் குறிப்பு இருந்தது. காமன் ஆப்பிலும் போய்ப் பார்த்தேன். கட்டத்தை நிரப்பும்போது எந்த வகை என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வருமே, அதில் நடனம், இசை, விவாதம் என்பவற்றோடு குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு வகை இருக்கிறது. சம்பள வேலை என்றும் ஒரு வகை இருக்கிறது. அன்று இரவு எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. படவில்லை என்பதைவிட, நாங்கள் தேடவில்லை என்பதுதான் சரி.

அதை எழுதியிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவள் விண்ணப்பித்த ஆண்டில் ஹார்வர்டுக்கு 43,330 பேர் விண்ணப்பித்து 1,950 பேருக்கு இடம் கிடைத்தது. மகன் விண்ணப்பித்த ஆண்டில் 54,008 பேரில் 1,937 பேர். இந்தக் கணக்கில் யாருக்கு எதனால் கிடைத்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். என் வருத்தம் வேறு. இரண்டு வருடம் அவள் செய்ததிலேயே பெரிய காரியத்தை, அது ஒரு கட்டத்துக்குக்கூடத் தகுதி இல்லாதது என்று பெற்ற தாயே சொல்லிவிட்டேன். பதினேழு வயதில் அதைக் கேட்ட பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று இப்போது நினைக்கும்போது தாங்கவில்லை.

மகன் கதை வேறு மாதிரி. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லா வகுப்பும் நின்றது. அவனுக்குப் பதினான்கு வயது. அக்கா போன வரிசையில் அவனும் போய்க்கொண்டிருந்தான், வயலின் மட்டும் செல்லோவாக மாறியிருந்தது. திடீரென்று மாலை எல்லாம் காலி. அந்தக் கோடையில் ஒரு இரவு, பின்வாசல் விளக்கடியில் பச்சை நிறத்தில் உள்ளங்கை அளவு ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது, வால் நீண்டு தொங்கிக்கொண்டு. லூனா என்று அதற்குப் பெயராம். இறக்கை முளைத்த பிறகு அது எதுவும் சாப்பிடாது, சாப்பிட வாயே இல்லை, ஒரு வாரம்போல இருந்து முட்டையிட்டுச் செத்துவிடும் என்று தேடி வாசித்துவிட்டு வந்து சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று அதற்கு முன் எந்த வகுப்பிலிருந்து திரும்பும்போதும் இருந்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு கோடையிலும் கொல்லையில் கயிறு கட்டி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவான். அதன் முன்னால் ஊதா விளக்கு. வந்து ஒட்டும் ஒவ்வொரு பூச்சியையும் படம் எடுப்பான், தேதி, நேரம், வெப்பநிலை எல்லாம் நோட்டில் எழுதுவான், ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் ஏற்றுவான். யாரோ தெரியாத ஊரிலிருந்து ஒருவர், இது நீ நினைத்த இனம் இல்லை, இறக்கையின் இரண்டாவது கோட்டைப் பார் என்று திருத்துவார். அவன் அதை அவமானமாக நினைத்ததே இல்லை. சில வகைகள் வெளிச்சத்துக்கு அவ்வளவாக வராது, இனிப்புக்கு வரும். அதற்காக அழுகிய வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் பிசைந்து இரண்டு நாள் புளிக்க வைத்து மரப்பட்டையில் பூசுவான். வீட்டில் வெல்லம் சீக்கிரம் தீர்ந்துபோகும். பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் 2012-இல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் இப்போது பல நாடுகளில் ஜூலைக் கடைசியில் நடக்கிறது. அதற்கு அவனை நான்தான் காரில் அழைத்துப் போனேன். இந்தத் தடவை காரில் அவன் தூங்கவில்லை.

2023 கோடையில் மறுபடியும் ஓர் ஆலோசகரிடம் போனோம். அக்காவுக்கு நடந்த தவறு தம்பிக்கு நடக்கக் கூடாது என்ற பயம். இவர் புதுக் காலத்து ஆள். மகனின் நோட்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இதுதான் ஸ்பைக், இதைத்தான் தேடுகிறார்கள் என்றார். ஸ்பைக் என்றால் எல்லாவற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் ஒரே இடத்தில் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பது. எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும் உருண்டையான மாணவர்கள் யாருக்கும் வேண்டாம், கூரான மாணவர்களைப் பொறுக்கி உருண்டையான வகுப்பை உருவாக்குகிறார்கள் என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு பட்டியல் போட்டார். அந்துப்பூச்சிப் பாதுகாப்புக்கென்று ஒரு அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும், மகன் அதன் நிறுவனர். பள்ளிகளில் கிளைகள். ஒரு இணையதளம். பணம் கட்டினால் ஒரு வழிகாட்டியை வைத்து மூன்று மாதத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை போட்டுத் தரும் இடங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. செல்லோவை விட்டுவிட வேண்டும், கதை கலங்குகிறது. வார இறுதியில் மளிகைக் கடையில் அவன் பார்த்த வேலையையும் விட்டுவிட வேண்டும், நேர விரயம்.

அன்று வீட்டுக்கு வரும்வரை மகன் பேசவில்லை. வந்து இறங்கியதும், “நான் பார்க்கிறேன், எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்மா. நான் எதையும் ஆரம்பிக்கலை” என்றான். அதற்குப் பிறகு மூன்று வாரம் விரிப்பைக் கட்டவில்லை. ஜூலை மாதம், பூச்சிகள் கொட்டும் காலம். கயிறு மட்டும் கொல்லையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தக் கயிற்றைப் பார்ப்பேன். மகளின் தலையணை ஞாபகம் வரும். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த முதல் ஆலோசகரும் இவரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிந்தாலும், இரண்டு பேருமே பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அங்கே என்ன தேடுகிறார்கள் என்று யூகித்து அதன்படி பிள்ளையைச் செதுக்கச் சொன்னார்கள். முன்பு வட்டமாகச் செதுக்கச் சொன்னார்கள், இப்போது கூராகச் செதுக்கச் சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் பேசிய இரண்டு பேரிடமும் எனக்குத் தெரிந்தது இதேதான்.

கட்டிய பணத்தில் பாதி போய்விட்டது. மறுபடி அங்கே போகவில்லை. ஆகஸ்டில் ஒரு இரவு அவனே விரிப்பை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினான்.

அவன் விண்ணப்பத்தில் நான்கு கட்டங்கள்தான் நிரம்பின. பூச்சிகள், மளிகைக் கடை வேலை, செல்லோ, பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கியது. மற்ற ஆறு காலி. அந்தக் காலி இடங்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துக் கட்டம் இருக்கிறது என்றால் பத்தையும் நிரப்பு என்று அர்த்தம் இல்லை, பத்துக்கு மேல் எழுதாதே என்றுதான் அர்த்தம். எம்ஐடி என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் சொந்த விண்ணப்பத்தில் கேட்பதே நான்கு விஷயங்கள்தான். மகிழ்ச்சிக்காக மட்டும் நீ என்ன செய்கிறாய் என்று ஒரு கேள்வியும் அங்கே கேட்டிருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்திலோ இருபது வரை எழுத இடம் உண்டு. எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்தெடுத்து 350 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும், எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. இப்படி ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும்போது எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாடு எப்படிச் சரியாகும்?

2016-இல் ஹார்வர்டு கல்வியியல் துறையிலிருந்து வந்த ஓர் அறிக்கையும் உண்டு. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதை ஆதரித்தார்கள். இரண்டு மூன்று பொருளுள்ள காரியங்களுக்கு மேல் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வீட்டில் சுமக்கும் பொறுப்புகளையும் மதிக்க வேண்டும் என்று அதில் பரிந்துரைத்திருந்தார்கள். மகள் விண்ணப்பிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே வந்த அறிக்கை. எங்கள் வட்டாரத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மாணவர்களுக்கு வழிகாட்டப் பள்ளியிலேயே இருக்கும் கவுன்சிலரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பதுதான் அவர்கள் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. நாட்டின் சராசரி 350-க்கும் மேல். அவர் எத்தனை பேரைப் பிடித்து உட்காரவைத்துப் பேசுவார்?

இதையெல்லாம் வைத்து, பல விஷயங்களில் ஈடுபடுவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வழக்கிலேயே ஹார்வர்டின் பக்கம் சாட்சி சொன்ன பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு, ஒரே ஒரு பக்கத்தில் வலுவாக இருப்பவரைவிட மூன்று நான்கு பக்கங்களில் வலுவாக இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம் என்று வாதாடினார். ஆக ஆல்ரவுண்டர்களின் காலம் முடிந்துவிட்டது என்று உங்கள் பக்கத்தில் சொன்னது சரியில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று என் அண்ணன் அடிக்கடி சொல்வார். தொழிலுக்கு வந்த தச்சனுக்கு அது பொருந்தும். பதினான்கு வயதுப் பிள்ளை இன்னும் தச்சன் ஆகவில்லையே. அதற்குக் காட்டைச் சுற்றிப் பார்க்கிற வயசு. என் மகளுக்கே பரதம் பிடித்தது. வயலின், நீச்சல் எல்லாம் போன பிறகும் இன்று வரை சனிக்கிழமை சனிக்கிழமை தானாகப் போய் ஆடிக்கொண்டிருக்கிறாள். பிடித்ததைக் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாங்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை. மகனுக்கும் நாங்களாகக் கொடுக்கவில்லை, ஒரு பெருந்தொற்று வந்து கொடுத்தது.

இன்னொன்றையும் ஊரில் உள்ளவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் குணத்தையும் ஆளுமையையும் பார்ப்போம் என்ற இந்த ஏற்பாடு, கேட்பதற்கு உயர்வாக இருந்தாலும், ஹார்வர்டில் அது வேர்விட்டது 1920-களில். தேர்வில் நன்றாக மதிப்பெண் வாங்கி யூத மாணவர்கள் அதிகமாக வந்தபோது, அவர்களைக் குறைக்க வேண்டும் என்று அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவல் நினைத்ததும் அதற்கு ஒரு காரணம். இன்று அதை நடத்துகிறவர்கள் எல்லாரும் அப்படி நினைக்கிறார்கள் என்பதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அங்கிருந்து வரும் ஒரு கடிதத்தைப் பிள்ளையின் குணத்துக்குக் கொடுத்த தீர்ப்பாக என்னால் பார்க்க முடியவில்லை. 2019 மார்ச்சில் மகளுக்கு ஒவ்வொரு மறுப்பாக வந்தபோது அப்படித்தான் பார்த்தேன்.

மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பூச்சியியலுக்குப் பெயர்போன ஒரு கல்லூரி அவனைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தது, கடைசிவரை கூப்பிடவில்லை. இன்னும் நான்கு கல்லூரிகள் முடியாது என்றன. அவனும் ரட்கர்ஸில்தான் படிக்கிறான், இரண்டாம் வருடம். அங்கே பூச்சியியலுக்கென்று தனித் துறையே இருக்கிறது. அக்கா பத்துக் கட்டம், தம்பி நான்கு கட்டம், இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தது ஒரே இடம். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் சிலர், அப்படியானால் எதுவுமே பலிக்கவில்லை என்று உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுடைய நோட்டுகள் விண்ணப்பத்துக்குப் பிறகும் தொடர்கின்றன. இப்போது ஏழாவது நோட்டு. அவளுடைய டிபேட் கோப்பைகள் மாடிப் பரணில் ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. போன வருடம் அதை என்ன செய்வது என்று கேட்டேன். கொடுத்துடலாம்மா என்றாள். அப்பத்தாவுக்கு எழுதின நோட்டு எங்கே என்று கேட்டாள். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது, காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்றும் சம்பள வேலை என்றும் வகைகள் இருப்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, அப்பாவின் கடையில் கணக்கு எழுதுகிற பிள்ளை, ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்காக வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நின்று பேசுகிற பிள்ளை, இவர்கள் யாரும் தங்களிடம் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு அதைச் சொல்ல அவர்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று எண்ணாதீர்கள். எங்கள் வீட்டில் நான் இருந்தேன், நான்தான் வேண்டாம் என்றேன்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் மகளிடம் காட்டினேன். அவள் விஷயமாயிற்றே, கேட்காமல் அனுப்பக் கூடாது. சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு முழுதும் வாசித்தாள். அனுப்புங்கம்மா என்றாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். அப்பத்தாவைப் பார்த்துக்கொண்டது இரண்டு வருடம் என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு வருடமும் நான்கு மாதமும் என்று இருக்க வேண்டுமாம். அப்படியே திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்,
எடிசன், நியூஜெர்சி